தண்ணியில்லாக் காட்டுக்கு வந்திருக்கும் ஆட்சியருக்கு

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பொறுப்பேற்ற கையோடு சால்வைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்திருக்கும். கூடவே, "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்களே" என்று யாராவது ஒரு நண்பர் தொலைபேசியில் துக்கமும் விசாரித்திருப்பார். அரசு ஊழியரை மிரட்ட மேலதிகாரியும், சினிமாவில் வில்லனும் காலங்காலமாகச் சொல்லிவரும் வசனம் அது. முதுகுளத்தூர்ப் பக்கத்து மானாவாரிக்காரனான எனக்கு அதில் கோபம் இல்லை, கேட்டுப் பழகிவிட்டது. ஆனால் அந்த வசனத்தை நம்பிக்கொண்டு நீங்கள் கோப்பைத் திறந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். அதற்காகத்தான் இந்த மடல்.

இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோயம்புத்தூரில் பெய்வதைவிட இது அதிகம். நம்ப மாட்டீர்கள், உங்கள் அலுவலகப் புள்ளியியல் துறையிடமே கேட்டுப் பாருங்கள். சிக்கல் மழையின் அளவில் இல்லை. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடும். மலை கிடையாது, அணை கட்டப் பள்ளத்தாக்கு கிடையாது. கடலை நோக்கி லேசாகச் சரிந்த தட்டை நிலம். இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் கண்மாய்க்குக் கீழே கண்மாய் என்று ஆயிரத்துக்கும் மேலே வெட்டி, ஒன்றின் கலுங்கில் வழிவதை அடுத்தது பிடித்துக்கொள்ளும்படி செய்துவைத்தார்கள். இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்க்கு 48 மடை. நாரைகூட ஒரே வீச்சில் பறந்து கடக்க முடியாது என்பது ஊர்ப்பேச்சு. பாண்டியன் காலத்து வேலை இன்றும் நிற்கிறது.

தட்டை நிலத்துக் கண்மாய்க்கு ஆழம் குறைவு, பரப்பு அதிகம். ஓர் அடி மண் மேடிட்டாலே கொள்ளளவில் பெரும்பங்கு போய்விடும். மிச்சத்தை வெயில் குடிக்கும். ஆகவே எங்கள் ஊரில் பராமரிப்பு என்பது கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற வேலை அல்ல. அதுதான் வேலையே. முன்பு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, யார் வயலுக்கு முதலில் விடுவது என்பதெல்லாம் அவர் சொன்னால் சொன்னதுதான். அறுப்பு முடிந்தால் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். இன்று பெரிய கண்மாய் நீர்வளத்துறைக்கு, 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் யூனியனுக்கு. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இரண்டுக்கும் நடுவே கிடந்து தூர்ந்துபோகிறது. வைகைத் தண்ணீரிலும் பழைய ஆயக்கட்டுக் கணக்குப்படி பன்னிரண்டு பங்கில் ஏழு இந்த மாவட்டத்துக்கு. மதுரையும் சிவகங்கையும் தாண்டி அது இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேரும்போது பங்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதை ஒருமுறை கரையில் நின்று பாருங்கள்.

அடுத்தது காலண்டர். ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த நிலத்தை உழுது, புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்போம். கண்மாய் வேலை முடிந்திருக்க வேண்டியதும் அந்த வாரங்களுக்குள்தான். அந்த வாரங்களையொட்டித்தான் செப்டம்பர் 11 பரமக்குடி நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜை என்று மாவட்டம் முழுக்கத் தடையுத்தரவு விழும். (சட்டத்தில் எண் மாறிவிட்டது, ஊரில் இன்னும் 144தான்.) 1957 சாதிக் கலவரத்தின் இரத்தம் மறக்கக்கூடியது அல்ல, பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் தாசில்தார் முதல் தலையாரி வரை எல்லோரும் பந்தோபஸ்துக் கூட்டங்களில் இருக்கும்போது வரத்துக்காலை யார் பார்ப்பது? டெண்டர் முடிந்து ஜேசிபி வரும்போது ஐப்பசி மழை முந்திக்கொள்கிறது. சேற்றில் எந்திரம் இறங்காது, பில் மட்டும் இறங்கிவிடும்.

சீமைக்கருவேலம் பற்றி உங்களிடம் நிறையப் பேர் பேசுவார்கள். விறகுக்கென்று ஒரு காலத்தில் அரசே விதை தூவிப் பரப்பியது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. சொன்னதும் எல்லோரும் சாலையோரத்து மரத்தில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடலாடி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் நிலமில்லாத குடும்பங்களுக்கு அந்த மரம்தான் அடுப்பும் சோறும். வெட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு மண் பூசி, உள்ளே தீ வைத்துச் சில நாள் புகைய விடுவார்கள். புகை எந்தப் பக்கம் கசிகிறது என்று இரவெல்லாம் யாராவது விழித்திருக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் கரி முழுதும் சாம்பல். இவர்கள் பிழைப்பைக் கெடுக்காமல், முதலில் கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் நிற்பதை மட்டும் வேரோடு எடுங்கள். பட்டா நிலத்தில் நிற்பது அதுபாட்டுக்கு நிற்கட்டும்.

கடற்கரையையும் சொல்லாமல் விடக்கூடாது. மாநிலக் கடற்கரையில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த மாவட்டத்தில். வருகிற அதிகாரிகள் பெரும்பாலும் இராமேசுவரம் கோயிலையும் பாம்பன் பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, பாட்டி காலத்துத் தொழிலுக்கே பேத்தி ஒளிந்து போகவேண்டியதாகிவிட்டது.

 

2018-இல் ஒன்றிய அரசு எங்களை முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் 'ஒன்றுமில்லாத மாவட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டால், நிலமும் சும்மா கிடப்பதாகவே கோட்டையில் தெரிகிறது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. அந்த மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், மறுக்கவில்லை. அதே கமுதி, முதுகுளத்தூர் மண்ணில் விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதையும் அதே கோப்பில் எழுதிவையுங்கள். அதற்கு இந்த வெயிலும் வேண்டும், கண்மாயில் கொஞ்சம் ஈரமும் வேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் காலிக் குடங்களோடு பெண்கள் வருவார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாட்களில், தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு குடங்களை அடுக்கிக்கொண்டு கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு ஊற்றுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் மனு வாங்கிக்கொள்ளுங்கள், குழாய் உடைப்பையும் சரிசெய்யுங்கள். அதோடு எந்த ஊர், எந்த ஊருணி என்று கேட்டு, அந்த ஊருணியின் வரத்து எங்கே அடைபட்டிருக்கிறது என்று அன்றைக்கே ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இது ஆடி மாதம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. புதிய திட்டம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. வரத்துக்கால்களின் எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தை வருவாய்த்துறையிடமிருந்து எடுத்து ஊர் ஊராக ஒட்டுங்கள், யூனியன் என்றும் நீர்வளத்துறை என்றும் பிரிக்காமல் ஒரு கண்மாய்த் தொடருக்கு ஒரே அதிகாரியைப் பொறுப்பாக்குங்கள், புரட்டாசி முதல் வாரத்துக்குள் தூர்வாரி முடியுங்கள். பந்தோபஸ்துக்குத் தனி ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முதுகுளத்தூர் வட்டத்து மானாவாரி விவசாயி ஒருவன்