முழு முகவரி

தோட்டத்துப் பிள்ளை ஒருவரை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதத்தின் உறையில் இருந்தது இவ்வளவே: பெயர், மேல் டிவிஷன், தோட்டத்தின் பெயர், ஹட்டன். லயத்து எண்ணோ காம்பரா எண்ணோ இல்லை. கணினியில், லினக்ஸ் இயங்குதளத்தில், இப்படிப் பாதியில் தொடங்கும் முகவரியைச் சார்புப் பாதை என்பார்கள். நிற்கும் இடம் தெரிந்தால்தான் வழி புரியும். அங்கே ரியல்பாத் என்றொரு செயற்கூறு உண்டு. வேரிலிருந்து கோப்புறை கோப்புறையாக இறங்கி, இடையிலுள்ள புள்ளிகளையும் மாற்றுப் பெயர் இணைப்புகளையும் களைந்து முழுப் பாதையைத் தரும். நம் தோட்டங்களிலும் பலவற்றுக்கு ஏட்டில் ஆங்கிலப் பெயர், தொழிலாளர் நாவில் தமிழ்ப் பெயர். கணினியில் வெற்றுக் கோப்புக்குக்கூட முழுப் பாதை இருக்கிறது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நடத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், கொழுந்து பறிப்பவரின் காம்பராவுக்குத் தனி முகவரி கிடைக்காதது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கடிதம் பிள்ளையின் கைக்கு வந்தபோது பரீட்சைத் திகதி முடிந்து நான்கு நாள்.