கற்பாறைத் தோட்டம் கற்பிக்கும் பாடம்

கற்பாறைத் தோட்டம் செல்வர் வீட்டு அலங்காரம் என்றும், நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர்க்கு அதனால் ஆவது யாதுமில்லை என்றும் கருதுவோர் பலர். இக்கருத்துப் பொருந்தாது. தேங்கும் நீர் வேருக்குப் பகை என்பதை அத்தோட்டம் தெளிவாக உணர்த்துகின்றது.

அல்ப்ஸ் மலையில், மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே, ஜென்ஷியன், எடல்வைஸ் முதலிய பல்லாண்டுப் பூஞ்செடிகள் வளர்கின்றன. குளிர்காலத்தில் வெண்பனி அவற்றைப் போர்வைபோல் மூடிக் காக்கின்றது. பின்னர் உருகும் பனிநீர் கற்களினூடே வடிந்துவிடுகின்றது, வேரடியில் நிற்பதில்லை.

இச்செடிகளைத் தாழ்நிலத்திற்குக் கொணர்ந்தோரிற் பலர், கொழுமையான மண்ணில் அவற்றை நட்டு, சுற்றிலும் கற்களைக் குவித்தனர். செடிகள் தழைத்தன, மழை மிகுந்த குளிர்காலத்தில் அழுகி மாண்டன. கடுங்குளிரைத் தாங்கியவை ஈரத்தைத் தாங்கவில்லை. பொருளின்றிக் கற்களைக் குவிக்கும் வழக்கத்தை ஆங்கிலேயரான ரெஜினால்ட் ஃபாரர் (1880–1920) தம் நூல்களில் எள்ளி நகையாடினார். இலங்கையிற் பயணஞ்செய்து 1908இல் அதுபற்றி நூல் வெளியிட்டவரும் இவரே.

செம்மையான முறை எளியது. நிலத்தைத் தோண்டி, அடியில் உடைகற்களை இட்டு வடிகால் அமைத்தல் வேண்டும். அதன்மேல் கற்றூளும் மணலும் சிறிதளவு மண்ணுங் கலந்து நிரப்புதல் வேண்டும். பெருங்கற்களை ஆழப் பதித்து, செடியின் கழுத்தைச் சுற்றிச் சிறுகற்களைப் பரப்புதல் நன்று. எரு மிகுதியாக வேண்டுவதில்லை.

நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயர்ந்ததாயினும், அங்கு வெண்பனி மூடும் குளிர்காலம் இல்லை. ஆகவே அல்ப்ஸ் செடிகளை வருவித்துப் பணஞ் செலவிடுதல் வீண். அவை கற்பிக்கும் பாடமோ செலவின்றிக் கிடைப்பது.

நெற்பயிர் தன் தண்டினூடே வேருக்குக் காற்றைச் செலுத்த வல்லது. ஆதலின் நீரில் நின்று விளைகின்றது. மிளகாய்க்கும் கோவாவுக்கும் உருளைக்கிழங்கிற்கும் அவ்வாற்றல் போதாது. நெல் அறுத்த வயலில் மரக்கறி நடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. இலை மஞ்சளித்தவுடன் பசளை மூட்டையை அவிழ்ப்பவர், நீரில் மூச்சடைத்த வேருக்கு உணவூட்ட முயல்பவராகக் கூடும். அப்பசளை வீணாகும், கடன் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, மேட்டுப்பாத்தி அமைத்து, மழைக்கு முன்னரே வாய்க்காலைத் துப்புரவாக்குதல் கமக்காரரின் முதற்கடன். முதலில் வடிகால்; பின்னரே பசளை.