சர்வர் கணிப்பொறிக்கு நெடுந்துயில் வேண்டுமா?

அலுவலகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இரவு பகலாகப் பணிபுரியும் சர்வர் கணிப்பொறிகளைப் பற்றி அடிக்கடி எழும் முறையீடு ஒன்றுண்டு: வட்டில் இடமில்லை என்பதே அது. முறையீடு எழுந்தவுடன் புதிய வட்டு வாங்குவதற்கு மதிப்பீடு தயாராகிறது. அனுமதி கோரும் கோப்பு மேசைக்கு மேசை நகர்கிறது. இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யாது என்று முதலில் பார்ப்போர் மிகச் சிலரே. பார்ப்பின், சில கணிப்பொறிகளில், ஒரு நாளும் பயன்படாத ஒரே கோப்பு பல ஜிகாபைட் இடத்தைக் கைப்பற்றியிருப்பது புலனாகும். அதனை நீக்குவதில் தயக்கம் கூடாது என்பதே எமது கருத்து.

கடுங்குளிர் நாடுகளில் சில பிராணிகள் குளிர்காலம் முழுவதும் வளையினுள் அசைவற்றுக் கிடக்கின்றன. அந்நிலையை ஒட்டியே கணிப்பொறியின் இவ்வமைப்புக்கும் ஹைபர்னேஷன் என்று பெயரிட்டனர். நாம் அதனை நெடுந்துயில் எனலாம். கணிப்பொறியின் நினைவகத்தில் உள்ளவை மின்சாரம் நின்றதும் அழிந்துபோகும் தன்மையன. ஆகவே, துயிலில் ஆழுமுன் கணிப்பொறி அந்நினைவகத்தின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதிவிட்டுப் பின் அணைந்துவிடுகிறது. மீண்டும் இயக்கும்போது எழுதியதைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. 1996-ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி வெளியிட்ட ‘ஏ.சி.பி.ஐ.’ என்னும் விதிமுறையில் இந்நிலைக்கு ‘எஸ் 4’ என்று பெயர்.

எழுதுவதற்குரிய இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது என்பதே இங்கு முக்கியமான செய்தி. விண்டோஸ் முறையில் ‘ஹைபர்பில்.சிஸ்’ என்னும் கோப்பு இதற்காகச் சி பகுதியின் மேல்தளத்தில் அமர்ந்திருக்கும். அதன் அளவு நினைவகத்தின் அளவைப் பொறுத்தது. விண்டோஸ் 7 நூற்றுக்கு 75 பங்கும், விண்டோஸ் 10 நூற்றுக்கு 40 பங்கும் இயல்பாக ஒதுக்கின. மடிக்கணினியில் இது பெரிய இழப்பன்று. சர்வரிலோ நினைவகம் பெரிது. இயக்க முறைக்கென ஒதுக்கும் சி பகுதி சிறிது. 32 ஜிகாபைட் நினைவகத்துக்கு 75 பங்கு என்னும் கணக்கில் 24 ஜிகாபைட் போய்விடும். சி பகுதி 60 ஜிகாபைட் எனில் ஐந்தில் இரு பங்கு இப்படியே தொலைந்தது.

இக்கோப்பு மறைவானது. ஆகையால் சாதாரணப் பட்டியலில் தோன்றாது. அண்மையில் ஓர் அலுவலகத்தில், விண்டோஸ் சர்வர் 2008 வகையைச் சேர்ந்த பழைய யந்திரம் ஒன்றைக் கண்டோம். (அவ்வகைக்கு நிறுவனத்தின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பது வேறு கவலை.) பொறுப்பாளர் ஒவ்வோர் அடைவின் அளவையும் தாளில் குறித்துக் கூட்டிப் பார்த்திருந்தார், கூட்டுத்தொகை வட்டின் கணக்கோடு ஒட்டவேயில்லை. வைரஸ் புகுந்துவிட்டதென்றே அவர் நம்பியிருந்தார். எல்லாச் சர்வர்களிலும் இக்கோப்பு இருப்பதில்லை. யந்திரத்தின் அடிப்படை அமைப்பு ‘எஸ் 4’ நிலைக்கு இடந்தராவிடின் அது தோன்றாது. எனவே முதலில் சோதித்தறிதல் வேண்டும்.

நீக்கும் முறை எளிது. கோப்பைக் கையால் அழிக்க முயல்வது வீண். இயக்க முறை அதனைப் பிடித்துக்கொண்டிருக்கும். நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘பவர்சிஎப்ஜி’ என்னும் கட்டளையுடன் ‘ஹைபர்னேட் ஆப்’ என்று பணித்தால், நெடுந்துயில் வசதி நீங்கும்; கோப்பும் உடனே மறையும். ‘ஆன்’ என்று பணித்தால் இரண்டும் திரும்ப வரும்.

எதிர்ப்பு ஒன்று உண்டு. அதனை அலட்சியம் செய்வதற்கில்லை. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர்களில், மின்கலச் சேமிப்பு தீருமுன் சர்வர் தானாகவே நெடுந்துயிலில் ஆழ்ந்தால் வேலை கெடாதன்றோ என்பர். தனியொருவர் எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்துக்கு இவ்வாதம் முற்றிலும் பொருந்தும். சர்வரோ தனியொருவருடையதன்று. அது துயிலும்போது அதனோடு இணைந்திருந்த மற்றக் கணிப்பொறிகள் காத்திருந்து தொடர்பை அறுத்துக்கொள்ளும். விழித்தெழும் சர்வர், போய்விட்டவர்களை இன்னும் இருப்பவர்களாக எண்ணிக்கொண்டிருக்கும். இரவில் நிகழவேண்டிய நகலெடுப்பும் தவறியிருக்கும். 24 ஜிகாபைட்டையும் விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் எழுத நேர்ந்தால் நான்கு நிமிடம் செல்லும். வயதான மின்கலம் அதுவரை தாங்குமா? தரவுத்தளத்தை ஒழுங்காக மூடிச் சர்வரை முறையாக நிறுத்தும்படி மின்கலச் சாதனத்தோடு இணைத்து வைப்பதே தக்க வழி.

இடத்தைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்றும் உளது. நினைவகத்தில் கடவுச்சொற்களும் மறையீட்டுத் திறவுகளும் திறந்தபடியே கிடக்கக்கூடும். ஒருமுறை துயின்ற கணிப்பொறியில் அவை வட்டுக்கு வந்துவிடுகின்றன. வட்டு மறையீடு செய்யப்படாததாயின், பழுதுபார்க்கச் செல்லும்போதும், பழைய சாமான்களோடு ஏலத்தில் போகும்போதும் அவையும் உடன் செல்லும். கோப்பை நீக்கியதும் எழுதப்பட்டவை மறைந்துவிடுவதில்லை. வேறு செய்தி அவ்விடத்தில் எழுதப்படும் வரை எஞ்சியிருக்கலாம். இதனை நினையாமல் வட்டை வெளியே அனுப்பும் அலுவலகங்களை எங்ஙனம் பொறுப்பது?

நெடுந்துயிலை நீக்கிய உற்சாகத்தில் சிலர் ‘பேஜ்பைல்.சிஸ்’ என்னும் அடுத்த கோப்பின் மீதும் கைவைக்கின்றனர். அது தவறு. நினைவகம் போதாதபோது தாங்கி நிற்பது அக்கோப்பு. இயக்க முறை திடீரென வீழும்போது காரணம் கூறும் பதிவை எழுதவும் பெரும்பாலும் அதுவே உதவுகிறது. இரண்டும் ஒரே மேல்தளத்தில் அருகருகே இருப்பதால் ஒன்றுபோல் தோன்றுகின்றன. பணியோ முற்றிலும் வேறு.

லினக்ஸ் முறையில் நிலை சற்று மாறுபடும். அங்கு நெடுந்துயில் பெரும்பாலும் ‘ஸ்வாப்’ பகுதியையே பயன்படுத்துவதால், வசதியை நிறுத்துவதனால் மட்டும் இடம் விடுபடாது. எனினும் சர்வர் தவறிப்போய் உறங்காதிருக்க அங்கும் அதனைத் தடுத்து வைத்தல் நன்று. எம்முறையாயினும், கட்டளையிட்ட நாளும் விடுபட்ட இடத்தின் அளவும் யந்திரக் குறிப்பேட்டில் பதியப்படல் வேண்டும். அடுத்து வரும் பொறுப்பாளர் மீண்டும் தாளும் எழுதுகோலுமாக உட்கார நேரிடாது.