நெடுஞ்சாலையா, சர்வீஸ் ரோடா?

பெங்களூர்–மைசூர் புதிய நெடுஞ்சாலையில் நடுவே ஆறு தடம். இரு பக்கமும் இரண்டிரண்டு தடமாகச் சர்வீஸ் ரோடு. செயற்கைக் கோள் மூலம் சுங்கம் வசூலிப்பதைச் சோதித்துப் பார்க்க மத்திய அரசு தேர்ந்தெடுத்த இரு சாலைகளில் இது ஒன்று. மற்றது ஹரியானாவின் பானிப்பட்–ஹிசார் சாலை.

இதற்காக 2024 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டன. வண்டியில் கருவி பொருத்தினால் நாளொன்றுக்கு 20 கிலோ மீட்டர் வரை கட்டணமில்லை. அதைத் தாண்டினால் ஓடிய தூரத்துக்குப் பணம். சாவடியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி ஓடியது நடுச்சாலையிலா, சர்வீஸ் ரோட்டிலா என்பது கருவிக்குத் தெரியுமா? டெம்போ ஓட்டிப் பிழைப்பவர் சுங்கத்தை மிச்சம் பிடிக்கத்தான் சர்வீஸ் ரோட்டில் போகிறார். இரண்டுக்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி. சாதாரணக் கருவி திறந்த வெளியில் பிசகுவதும் சில மீட்டர்தான்!

கோளின் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தை வைத்தே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீட்டர் போயிற்று. வழியிலே அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. பூமியின் காந்த மத்திய ரேகை இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் நம் தலைக்கு மேல் அந்த மண்டலத்தின் கொந்தளிப்பு அதிகம். (1963-ல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ரேகையை முன்னிட்டுத்தான்.) நகரத்துக்குள் வந்தால் உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை வேறு கணக்கைக் கெடுக்கிறது.

மருந்து இல்லாமல் இல்லை. விமானங்களுக்கு 'ககன்' இருக்கிறது. தரை நிலையங்கள் பிழையை அளந்து, கோள் வழியே திருத்தம் அனுப்புகின்றன. இந்திய சர்வே துறையின் 1,000-க்கும் மேற்பட்ட நிலையங்களிலிருந்து திருத்தம் பெற்றால் பிசகு சில சென்டிமீட்டராகக் குறையும். ஆனால் அத்தகைய கருவி இருப்பது நில அளவையாளர் கையில், டெம்போவில் அல்ல.

நமது சொந்த 'நாவிக்' இரண்டு அலைவரிசைகளில் பேசுவதால் அயனி மண்டலத் தாமதத்தைத் தானே கழித்துவிட முடியும். அதற்கோ சோதனைமேல் சோதனை. முதல் கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள் வெப்பக் கவசம் பிரியாமல் வீணாயிற்று. உள்நாட்டுக் கடிகாரத்துடன் 2023 மே மாதம் சென்ற என்.வி.எஸ்.-01 ஆறுதல் தந்தது. 2025 ஜனவரியில் கிளம்பிய என்.வி.எஸ்.-02 உரிய பாதையை எட்டவில்லை.

இடம் சரியாகத் தெரிந்தாலும் வரைபடம் பழையதாயிருந்தால் பயனில்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூவர் மாண்டனர். வழிகாட்டிய படத்தில் பாலம் முழுசாக இருந்ததாம்.

2025 மே முதல் தேதியிலிருந்து நாடெங்கும் கோள் வழிச் சுங்கம் என்று பேச்சு கிளம்பியபோது, அப்படியொரு முடிவு எடுக்கவில்லை என்று அமைச்சகம் ஏப்ரலில் மறுத்தது. தேர்ந்தெடுத்த சாவடிகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் காமிராவும் ஃபாஸ்டேக்கும் சேர்ந்து வேலை செய்யும் என்றது. இந்த நிதானம் சரியே. மீண்டும் இத்திட்டத்தைக் கையில் எடுக்கும்போது நடுச்சாலையில் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் காமிரா சாட்சி வேண்டும். சாட்சி இல்லாத பயணத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்று விதியிலேயே எழுத வேண்டும். இல்லையேல் தான் போகாத சாலைக்குப் பணம் கட்டவில்லை என்று நிரூபிக்கும் பாரம் ஓட்டுநர் தலையில் விழும்.