வாக்கு இருக்கிறது, வழிதான் தூரம்

2018-இல் நடந்த 14-ஆவது பொதுத் தேர்தலில் 82 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2022-இல் அது சுமார் 74 விழுக்காடாகக் குறைந்தது. இளையோருக்கு அக்கறை இல்லை என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியுமா?

இடையில் விதிகள் மாறின. வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது. வாக்காளர் பதிவும் தானியங்கி முறைக்கு மாறியது. 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர்கள் 21 மில்லியனைத் தாண்டினர். ஆகவே விழுக்காடு சரிந்தாலும் வாக்களித்தோரின் எண்ணிக்கை கூடியது.

பதிவுத் தடை நீங்கியது, தூரம் நீங்கவில்லை. அடையாள அட்டையில் எந்த முகவரி உள்ளதோ அந்தத் தொகுதியில்தான் நமக்கு வாக்கு. பினாங்கில் படிக்கும் சபா மாணவர் ஒரு வாக்குக்காக விமான டிக்கெட் வாங்க வேண்டும். 2022-இல் வெளிநாட்டில் இருந்த மாணவர் அஞ்சல் வழி வாக்களிக்க முடிந்தது. உள்நாட்டிலேயே வெளிமாநிலத்தில் படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தென்கொரியாவில் 2014 முதல், தேர்தலுக்குச் சில நாள்கள் முன்பே, நாட்டின் எந்த முன்வாக்களிப்பு மையத்திலும் முன்பதிவின்றி வாக்களிக்கலாம். நாம் அஞ்சல் வாக்கை வெளிமாநில மாணவர்களுக்கும் விரிவுபடுத்தித் தொடங்கலாம். அடுத்த பொதுத் தேர்தலுக்குள் இதைச் செய்யுமாறு நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இப்போதே கேட்போம்.