மொய்க் கவருக்குள் ஒரு கார்டு

இப்போதெல்லாம் கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று எதற்குப் போனாலும் மொய்க் கவருக்குள் ரூபாய் நோட்டுக்குப் பதில் ஒரு கார்டு தலைகாட்டுகிறது. துணிக்கடை கிஃப்ட் கார்டு, நகைக்கடை வவுச்சர், பேங்க் கார்டு என்று எத்தனையோ தினுசு. நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கமும் வந்தாச்சு. பளபளன்னு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு ரூபாய் நோட்டில் 'இந்தத் தேதிக்குள் செலவழி' என்று யாரும் அச்சடிப்பதில்லை. கார்டில் அச்சடித்திருக்கிறார்கள், அதுவும் பொடி எழுத்தில்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி போன மாதம் அப்படி ஒரு கார்டை என்னிடம் நீட்டி, "அக்கா, இதுல பணம் இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்டாள். ஏழாம் மாச வளைகாப்புக்கு யாரோ கொடுத்த 2,000 ரூபாய். சேலத்துத் துணிக்கடை ஒன்றின் சொந்தக் கார்டு, ஆயுள் ஆறே மாசம். பிரசவம், பத்தியம், கைக்குழந்தை. மலையிலிருந்து பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் ஏறிச் சேலம் போகணும். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு யாரால முடியும்? குழந்தைக்கு நாலாம் மாசம் நடக்கையில் கெடு முடிந்துவிட்டது. போனில் கேட்டதற்கு, "டேட் முடிஞ்சு போச்சும்மா" என்று வைத்துவிட்டார்களாம். நான் கார்டு நம்பரைக் குறிப்பிட்டு, கெடுவை நீட்டித் தரும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தபாலில் போனது. ஒரு மாதம் நீட்டித் தர ஒத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேங்கோ, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கம்பெனியோ வெளியிட்டு, பல கடைகளில் செல்லுபடியாகும் கார்டு என்றால் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு உண்டு. 2021 ஆகஸ்ட் 27-ல் வெளியான விதிகளின்படி ஒரு கிஃப்ட் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போடக்கூடாது, வெளியிட்ட நாளிலிருந்து குறைந்தது ஒரு வருஷம் செல்லணும், கடைசித் தேதியை முதலிலேயே சொல்லணும், முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் நினைவூட்டணும். பேங்க் அல்லாத கம்பெனியின் கார்டு காலாவதியான பிறகும், மீதிப் பணத்தைக் கேட்டால் நம் வங்கிக் கணக்கில் போட்டாகணும். இது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை!

ஆனால் ஒரே கடையில் மட்டும் செல்லும் அந்தக் கடையின் சொந்தக் கார்டுக்கு இந்த விதிகள் பொருந்தாது. குறைந்தது இத்தனை மாசம் என்று சொல்லும் தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 2010 முதல் கடைக் கார்டுக்கும் குறைந்தது 5 வருஷம் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே கடைக்காரர் போட்டதுதான் கெடு. அதனால் காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள்: எத்தனை மாசம் செல்லும்? எல்லாக் கிளையிலும் எடுத்துக்கொள்வார்களா? தள்ளுபடி நாளில் செல்லுமா? 1,860 ரூபாய்க்குப் புடவை எடுத்தால் மீதி 140 கார்டிலேயே நிற்குமா, போயே போச்சா? பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பில் தராததே 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான்.

"நான் வாங்கலையே, எனக்குக் கொடுத்தாங்க. நான் போய்ச் சண்டை போட முடியுமா?" என்று தயங்க வேண்டாம். வாங்கினவர் சம்மதத்தோடு அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான் என்கிறது அந்தச் சட்டம். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். அதற்கும் மேலே, நாம் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ரிசர்வ் வங்கிக் கட்டுப்பாட்டிலுள்ள கார்டு என்றால், வெளியிட்டவருக்கு எழுதி 30 நாள் வரை பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் செலவில்லை.

என்னைக் கேட்டால், மலையில் இருக்கிற பெண்ணுக்கு டவுன் கடைக் கார்டு கொடுப்பதைவிட ரொக்கமாகவே வைத்துவிடலாம். கார்டுதான் கௌரவம் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், கவரின் மேலேயே கடைசித் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, பில்லையும் உள்ளே வைத்துக் கொடுங்கள். கார்டின் பின்புறம் சுரண்டுகிற இடம் ஏற்கெனவே சுரண்டியிருந்தால் கடையிலேயே வேறு கேட்டு வாங்குங்கள்.