முதலில் திரும்பும் வழி

சென்ற ஞாயிறன்று சங்கத்தின் வாசகசாலையில் வாலிப அன்பர் நால்வர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். நால்வரும் வேலை நிமித்தம் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்து, கரியாஹாட் பக்கத்தில் குடியிருப்பவர்கள். தாங்களே பீர் காய்ச்சி விற்கும் விடுதிகள் இப்போது கல்கத்தாவில் உண்டல்லவா, அவற்றுள் இரண்டை ஒரே மாலையில் பார்த்து, சுவைத்து வர வேண்டும்; ஆனால் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதில்லை என்று தீர்மானித்துவிட்டோம்; அதற்கு வழி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விண்ணப்பம்.

அருகே நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சங்கப் பத்திரிகையில் இதுவுமா எழுதப்போகிறீர்கள்?” என்று நம்மைக் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. 1937இல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. பின்னர் அது ராஜதானி முழுமைக்கும் பரவி, 1971 வரை தமிழகத்தில் நிலைத்திருந்தது. அக்காலத்தில் வளர்ந்தவர்க்கு மது என்ற சொல்லே வீட்டில் உரக்கச் சொல்லத் தகாதது. குடிப்பழக்கத்தால் தேய்ந்துபோன குடும்பங்களை நாமும் கண்டிருக்கிறோம். ஆகவே, அருந்தாதவர் யாரையும் அருந்துமாறு இப்பகுதி அழைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆயினும் நாம் எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற துர்க்கா பூஜைக் காலத்தில் நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த பிள்ளை, நள்ளிரவுக்குப் பின் பைபாஸ் சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தோள் எலும்பு முறிந்தான். ஆபீஸில் இரவு வேலை என்று தாயாரிடம் சொல்லிச் சென்றவன், நண்பர்களோடு மது அருந்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் அவனைப் பார்க்கச் சென்றபோது, “வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் வந்திருக்கலாமே, தம்பி?” என்று கேட்டோம். “காலையில் வண்டி எங்கே என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது?” என்றான். அந்த விடை இன்றளவும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. மது அவனைத் தள்ளாட வைத்தது. மறைக்க வேண்டும் என்ற அச்சமோ அவனை வண்டியில் ஏற்றிவிட்டது.

இனி, வாலிபர் கேட்ட விஷயத்துக்கு வருவோம்.

இவ்விடுதிகளில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெண்மணிகள் கேட்கக்கூடும். அவர்களுக்குத் தெரிந்த கலைதான் அது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவது போலவே பார்லியையும் செய்கிறார்கள். அதை நொறுக்கி, ஏறத்தாழ 65 டிகிரி சூட்டு நீரில் ஊறவிட்டால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை வடித்து, ஹாப் என்னும் கொடியின் பூவைக் கசப்புக்கும் மணத்துக்குமாகச் சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். ஆறிய பிறகு ஈஸ்ட் இடுகிறார்கள். இட்லி மாவு இரவில் பொங்குவது போல் அது நாட்கணக்கில் பொங்கி, சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. கோதுமை பீரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வீசுவது பழமோ கிராம்போ சேர்ப்பதாலன்று. அது ஈஸ்ட்டின் வேலை. கறுப்பு பீரின் வாசனை, வறுத்த காப்பிக்கொட்டையை நினைவூட்டும்; பார்லியைக் கருக வறுப்பதே அதற்குக் காரணம். பளபளக்கும் பெரிய பாத்திரங்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே வைத்திருக்கும் விடுதிகள் உண்டு. கேட்டால் விளக்கமும் சொல்வார்கள்.

இந்நகருக்கும் பீருக்கும் உள்ள உறவும் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, லண்டனுக்குக் கிழக்கே போ என்னுமிடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம் செய்து கல்கத்தாவுக்கு வந்தது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் முதலிய ஆலைகளும் இந்த வியாபாரத்தில் போட்டிக்கு இறங்கின. இன்று உலகெங்கும் ‘இந்தியா பேல் ஏல்’ என்று விற்கும் கசப்பு மிகுந்த பீருக்கு அப்பெயர் வந்த கதை, இந்த ஹூக்ளி நதித் துறைமுகத்தோடு பிணைந்தது.

அடுத்து, பிரயாணத் திட்டம். நாம் சொல்லும் விதி ஒன்றே: திரும்பும் வழியை முதலில் எழுதுங்கள், போகும் வழியைப் பிறகு எழுதலாம். தூரத்து விடுதிக்கு முதலிலும், வீட்டுக்கு அண்மையிலுள்ள விடுதிக்குக் கடைசியிலும் செல்லுங்கள். பொழுது ஏற ஏற, கால் வீட்டை நோக்கி நெருங்கிவர வேண்டும்.

சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரிலும் பார்க் ஸ்டிரீட் பக்கத்திலும் இத்தகைய விடுதிகள் உள்ளன. பிற்பகல் மூன்று மணிக்குக் கரியாஹாட் சந்தியிலிருந்து பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லுங்கள். அங்கிருந்து லோக்கல் ரயில் பார்க் சர்க்கஸ் வழியாகச் சியால்தா சேர்க்கும். சியால்தாவில் பச்சை வழி மெட்ரோ ஏறினால் கிழக்குக் கடைசியில் ஐந்தாம் செக்டார். அங்கே முதல் விடுதி. ஆறு மணி வாக்கில் அதே மெட்ரோவில் மேற்கே திரும்பி, சியால்தாவைக் கடந்து எஸ்பிளனேடில் இறங்குங்கள். 2025 ஆகஸ்டில் சியால்தாவுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடைப்பட்ட பகுதி திறக்கப்பட்ட பின்னரே இப்பிரயாணம் ஒரே வண்டியில் கைகூடிற்று. எஸ்பிளனேடில் நீல வழிக்கு மாறித் தெற்கே ஒரு நிலையம் சென்றால் பார்க் ஸ்டிரீட். அங்கே இரண்டாம் விடுதியும் இரவு உணவும். பின்னர் அதே நீல வழியில் ஐந்தாம் நிலையம் காளிகாட். ராஷ்பிஹாரி அவென்யூவில் ஷேர் ஆட்டோவோ டாக்சியோ பிடித்தால் கரியாஹாட் வந்தாயிற்று.

கடைசி மெட்ரோவின் நேரம் கிழமைக்குக் கிழமை மாறும். அன்று காலையிலேயே அதைப் பார்த்துக் காகிதத்தில் குறித்துச் சட்டைப்பையில் வையுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முந்திய வண்டியே உங்கள் வண்டி. டிராமை நம்பித் திட்டமிட வேண்டாம். 1873இல் குதிரை இழுத்த டிராம் தோன்றிய நகரம் இது. எனினும், பெரும்பாலான டிராம் தடங்களை மூடும் எண்ணத்தை மாநில அரசு 2024இல் வெளியிட்டுவிட்டது. விடுதிகளுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, அங்கேயே காய்ச்சிய பீர் அன்று உண்டா என்று கேட்டறிந்து செல்வது நலம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. காளிகாட் மெட்ரோ வரை மோட்டார் சைக்கிளில் போய் அங்கே நிறுத்திவிட்டுச் செல்லலாம் என்று ஒருவருக்குத் தோன்றும். அங்கேதான் திட்டம் முழுதும் கெடும். ராஷ்பிஹாரியிலிருந்து கரியாஹாட் வரை இரண்டு கிலோமீட்டர்தானே என்று நினைப்பவனை அந்த இரண்டு கிலோமீட்டரே விழத்தட்டும். வண்டிச் சாவி அன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயமுள்ள பீர் 330 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 13 கிராம் சாராயம் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஆடவர் அதை அருந்தினால் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 27 மில்லிகிராம் அளவுக்கு ஏறக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வகுத்த வரம்போ 30 மில்லிகிராம். ஒரே குவளை வரம்பின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது! அரை லிட்டர்க் குவளை இரண்டு என்றால் 80க்கும் மேல். உடல் ஒரு மணி நேரத்தில் நீக்குவது சுமார் 15 மில்லிகிராமே. ஆகவே அது தீர ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். காப்பியும் எலுமிச்சைச் சாறும் குளிர்நீர்க் குளியலும் அதை விரைவுபடுத்தா. சட்டத்தை மீறினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆதலின் ஒவ்வொரு விடுதியிலும் சிறு கிண்ணங்களில் பலவகையும் தருவார்களா என்று கேட்டு, ஒரு வரிசையை இருவர் பகிர்ந்து சுவையுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கிண்ணத்துக்குக் கிண்ணம் தண்ணீர் அருந்துங்கள். நால்வரில் ஒருவர் அருந்தாதவராக இருந்து, நேரத்தையும் டிக்கெட்டையும் கவனிப்பது உத்தமம். மேற்கு வங்கத்தில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது தருவது சட்டவிரோதம்; தம்பிமாரை உடன் அழைத்துச் செல்லாதீர்கள்.

இனி வீட்டிலுள்ள பெரியோர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் கொள்கையை விட வேண்டாம். பிள்ளையிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் அதனுடன் இதையும் சொல்லுங்கள்: “எந்த நேரமானாலும், எந்த நிலையில் இருந்தாலும், வண்டி ஓட்டாதே. வீட்டுக்குப் போன் செய். டாக்சிக் கூலி நாங்கள் தருகிறோம். அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். பேச வேண்டியதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.” சொந்த ஊரில் சித்தப்பாவும் மாமாவும் தெருமுனையில் நின்று பிள்ளையைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார்கள். இங்கே நமக்கு அண்டை அயலில் அவர்கள் இல்லை. வீட்டுத் தொலைபேசியே அந்த மாமா.

இவ்வளவையும் வாசகசாலையில் சொல்லி முடித்தபோது பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்த நால்வரில் இளையவனை அழைத்து, தம் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். “நீ போவது எனக்குச் சம்மதமில்லை, தம்பி. ஆனால் உன் அப்பா ஊரில் இருக்கிறார்; இதை வைத்துக்கொள். நான் இரவில் விழித்துத்தான் இருப்பேன்” என்றார்.

அந்தக் காகிதம் திட்டத்தின் முதல் வரியாகட்டும். மற்றவை அதன் கீழே எழுதப்படட்டும்.